இன்ஜின் நின்ன பிறகு: சேலம் – நாமக்கல் ரோட்டில் ஒரு பழைய கேள்வி

இந்த எபிசோடு ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. ஓடிக்கிட்டிருந்த வண்டி திடீர்னு நின்னுடுச்சு, இன்ஜின் போச்சு. இப்போ என்ன செய்யறது?

சேலத்திலிருந்து நாமக்கல் போற என்.எச். 44-ஐ எடுத்துக்கோங்க. ஆண்டகளூர் கேட் தாண்டி, புதன்சந்தைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. டேஷ்போர்டில் சிவப்பு லைட். ஒரு சத்தம், ஒரு உதறல், அப்புறம் அமைதி. ஓரம் கட்டிட்டீங்க. அடுத்த சில நாட்களில் நீங்க எடுக்க வேண்டிய முடிவு இதில் ஒண்ணுதான்: பிரிச்சு ரிப்பேர் பண்றது, வேற இன்ஜின் மாத்தறது, இல்லைன்னா வண்டியை அப்படியே தள்ளிவிடறது.

இது மெக்கானிக்கலான கேள்வின்னு நமக்குத் தோணும். ஆனா வரலாற்றைப் பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. இந்த முடிவை இன்ஜின் எடுக்கறதில்லை, இன்ஜினைச் சுத்தி என்ன இருக்கோ அது எடுக்குது. பக்கத்துல லேத் இருக்கா, பிஸ்டன் கிடைக்குமா, மாசம் எவ்வளவு டியூ கட்டணும், திறந்து பார்க்க யாருக்கு அனுமதி இருக்கு? இந்தச் 'சுத்தி இருக்கறது' எல்லாத்தையும் தானே கட்டிக்கிட்ட ஊர்களில் ஒண்ணு நாமக்கல். அதனாலதான் இந்தக் கதையைச் சொல்ல இந்த ரோடு.

டிரைவரே மெக்கானிக்கா இருந்த காலம்

முதலில் கொஞ்சம் தூரமா போயிட்டு வருவோம். 1888 ஆகஸ்ட், ஜெர்மனி. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாம, இரண்டு பையன்களோட மூணு சக்கர மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பறாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் குழாய் அடைச்சுக்குது. தொப்பி ஊசியால குத்தி எடுக்கறாங்க. இக்னிஷன் ஒயரில் பிரச்னை வர, காலுறைப் பட்டியைச் சுத்தி சமாளிக்கறாங்க. எரிபொருள் தீர்ந்தப்போ வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊத்தறாங்க. பிரேக் தேஞ்சப்போ ஒரு செருப்புத் தைக்கிறவர் தோல் அடிச்சுக் கொடுக்கறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த அம்மாவுக்கு 'ரிப்பேரா, மாத்தறதா' என்கிற சாய்ஸே கிடையாது. வழியில் மாத்திக்க வேற இன்ஜின் இல்லை, ஒர்க்‌ஷாப் இல்லை. கையில் இருந்ததும் வழியில் இருந்தவங்களும்தான் எல்லாம்.

நம்ம பக்கமும் மோட்டார் இப்படித்தான் ஆரம்பிச்சுது. 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பிக்கறார். அதுக்கு முன்னாடியே ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிட்டவர். அந்த ஒரு பஸ்தான் பின்னாடி யு.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் நிறுவனமா வளருது. இவர் பஸ் முதலாளி மட்டும் இல்லை, ஒர்க்‌ஷாப்காரரும்கூட. அது தற்செயல் இல்லை. இன்ஜினும் பாகமும் கடல் தாண்டி வரணும்னா, ஒரு பாகத்துக்காக பஸ் மாசக்கணக்கில் நிக்கும். நிக்காம ஓடணும்னா நீங்களே செய்யக் கத்துக்கணும். கோயம்புத்தூரில் 1926-ல் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வருது. மில்லு, பம்பு, லேத், ஃபவுண்டரின்னு கொங்குப் பகுதியில் உலோக வேலை தெரிஞ்ச கைகள் பெருகுது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தத் திறமை பக்கத்து வீடு மாதிரி.

கரி போட்டு ஓடின பஸ்

இரண்டாம் உலகப் போர் வருது, பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸை எப்படி ஓட்டறது? பின்னாடி ஒரு பெரிய டிரம் மாதிரி அடுப்பு வெச்சாங்க. அதில் அடுப்புக்கரியைக் குறைஞ்ச காத்தில் எரிச்சு, வர்ற கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்தாங்க. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயுக் கருவியைத் தயாரிச்சது. உங்க வீட்டுல தொண்ணூறு வயசுப் பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, 'கரி பஸ்'ஸை மேட்டுல இறங்கித் தள்ளின கதை வரலாம்.

பெட்ரோலுக்காகச் செஞ்ச இன்ஜின் இது. கரிவாயுவில் அதோட சக்தி கணிசமாக் குறையும். சாம்பலும் தாரும் சரியா வடிகட்டப்படலைன்னா நேரா சிலிண்டருக்குள்ள போகும். சாம்பல்னா என்ன? ரொம்ப நைசான உப்புத்தாள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ஞ்சு, கம்ப்ரஷன் போயிடும். அதாவது, ஓட வைக்கறதுக்காக எடுத்த முடிவே இன்ஜினைச் சாகடிக்கிற முடிவு. நம்ம ஆபீஸ் மொழியில் சொன்னா, புரொடக்‌ஷன் விழுந்துடக் கூடாதுன்னு போட்ட ஹாட்ஃபிக்ஸ். பஸ் நின்னா டிக்கெட் பணம் இல்லை, அதனால தெரிஞ்சேதான் போட்டாங்க.

பிஸ்டன் நம்ம ஊருக்கு வந்த கதை

போர் முடிஞ்சதும் ராணுவம் கழிச்ச லாரிகள் ஏலத்துக்கு வருது. 'டிஸ்போசல் வண்டி'ன்னு பேரு. செவர்லே, டாட்ஜ், ஃபோர்டு. நிறைய பேர் லாரித் தொழிலுக்குள் நுழைஞ்சது இந்தக் கழிச்ச வண்டிகள் வழியாத்தான்.

அப்புறம் ஒரு திருப்பம். மும்பையில் 1928-லிருந்து வண்டிகளை அசெம்பிள் பண்ணிக்கிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையை மூடுது. ஃபோர்டும் அதே சமயத்தில் கிளம்பிடுது. 1953-ல் வரி ஆணையம் கொடுத்த பரிந்துரை, இங்கே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாத, வெறும் அசெம்பிளி மட்டும் செய்யற கம்பெனிகளுக்கு இடமில்லைன்னு ஆக்கிடுச்சு. கொள்கையா பார்த்தா நியாயம் இருக்கு. ஆனா கையில் ஒரு செவர்லே லாரி வெச்சிருக்கிறவருக்கு? இன்ஜின் போனா பாகத்துக்கு எங்கே போவார்?

பதில் சென்னையிலிருந்து வந்தது. 1949-ல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஆரம்பிக்குது. 1950-களில் சிம்சன் கம்பெனி, இங்கிலாந்து பெர்கின்ஸ் நிறுவனத்தோட பி6 என்கிற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை இங்கே செய்யுது. பழைய பெட்ரோல் லாரியில் செத்துப்போன இன்ஜினைக் கழட்டிட்டு, அந்த இடத்தில் பெர்கின்ஸ் டீசல் ஏத்தறது அந்தக் காலத்து வழக்கம். பெங்களூரில் 1951-ல் தொடங்கின மைக்கோ டீசல் பம்பு செய்யுது. 1959-ல் ரானே குழுமத்தின் இன்ஜின் வால்வ்ஸ் வருது. எண்ணூரில் 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகுது. அதோட காமெட் லாரி தமிழ்நாட்டு ரோட்டின் முகமா மாறுது. அதே காலத்தில், 1954-ல், டெல்கோ மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்ய ஆரம்பிக்குது.

இந்தப் பத்து வருஷத்தில்தான் நம்ம கேள்விக்கு முதல் தடவையா நிஜமான சாய்ஸ் கிடைக்குது. இன்ஜின் போனா, சிலிண்டரைக் கொஞ்சம் பெரிசாக் குடைஞ்சு, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இதுதான் ரீபோர். முதல் தடவை டென், அடுத்த தடவை ட்வென்ட்டி, அப்புறம் தர்ட்டி, ஃபார்ட்டின்னு கணக்கு. ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு 'தௌ'. இதுக்கு மேல சுவர் தாங்காதுன்னா உள்ளே ஸ்லீவ் இறக்கி மறுபடி முதல்லேருந்து வரலாம். கிராங்க் தேஞ்சா கிரைண்டிங், ஹெட் வளைஞ்சா ஃபேஸிங். ஒரு இன்ஜினுக்குப் பல பிறவி.

நாமக்கல் கண்டுபிடிச்ச கணக்கு

இப்போ மறுபடி நம்ம ரோட்டுக்கு வருவோம். 1997-ல் தனி மாவட்டம் ஆகும்வரை நாமக்கல், சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. பெரும்பாலும் மானாவாரி பூமி. மழை பொய்ச்சா கடலையும் இல்லை, சோளமும் இல்லை. இங்கே பல விவசாயக் குடும்பங்களுக்கு லாரி என்பது மழையை நம்பாத ஒரு காடு. கிளீனரா ஏறி, டிரைவராகி, அப்புறம் பங்குதாரரா, முதலாளியா ஆனவங்க நிறைய. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், சமையல் கேஸ் டேங்கர்கள், சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் இந்தியா முழுக்கப் போற போர்வெல் ரிக் வண்டிகள். ஒவ்வொரு ஊரும் ஒரு வகை வண்டியைப் பிடிச்சுக்கிச்சு.

லாரியைக் கையில் காசு வெச்சு வாங்கினவங்க குறைவு. 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆரம்பிச்சது. 1979-ல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், பழைய லாரி வாங்கறவங்களுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. உள்ளூர் ஃபைனான்ஸ்காரர்களும் உண்டு. அதாவது, வண்டி ஓடினாலும் நின்னாலும் மாசம் பிறந்தா டியூ வரும்.

இங்கேதான் விஷயமே இருக்கு. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், எண்கள் எல்லாம் புரியறதுக்காக நான் வெச்சது. லாரி ஒரு நாள் நின்னா டியூ, டிரைவர் படி, போன வாடகை எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் நஷ்டம்னு வெச்சுக்கோங்க. பழைய இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்க 15 நாள். தயாரா இருக்கிற ரீகண்டிஷன் இன்ஜினை மாத்த 4 நாள். வித்தியாசம் 11 நாள், 44,000 ரூபாய். அப்போ மாத்து இன்ஜின் 40,000 ரூபாய் அதிகமா இருந்தாலும் அதுதான் மலிவு! மெக்கானிக் பில்லை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

இதே கணக்கு தலைகீழாவும் வேலை செய்யும். நிக்கற செலவைக் குறைக்கணும்னா இன்ஜின் வேலையோட நாட்களைக் குறைக்கணும். போரிங் ஒரு தெருவில், டீசல் பம்ப் கேலிபரேஷன் அடுத்த கடையில், ஸ்பேர்ஸ் எதிர்ப்பக்கம், ஸ்பிரிங் பட்டறை நாலு கடை தள்ளின்னு இருந்தா 15 நாள் வேலை பாதியாயிடும். லாரி ஊர்களில் பட்டறைகள் கூட்டமா இருக்கறதுக்கு இதுதான் பொருளாதாரம். நம்ம பாஷையில் டவுன்டைம் குறைக்கிற ஆர்க்கிடெக்சர். யாரும் ஒயிட்போர்டில் வரைஞ்சு செய்யலை, டியூ தேதி செஞ்சது.

இதோட இன்னொரு விளைவு, அறிவு பரவினது. இந்தப் பக்கத்து அனுபவமுள்ள மெக்கானிக் ஃபோனில் முதலில் கேக்கற கேள்விகளைக் கவனிங்க. "தானா நின்னுச்சுங்களா, நீங்க நிறுத்துனீங்களா?" "டெம்பரேச்சர் ஏறுச்சுங்களா?" "ஆயில் பால் மாதிரி இருக்குதுங்களா?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு கிளை. சூடேறி நின்னதுன்னா ஹெட் கேஸ்கட்டா இருக்கலாம். ஆயில் பால் நிறமானா தண்ணி கலந்திருக்கு. ஆயில் லைட் எரிஞ்சும் ஓட்டினதுன்னா பேரிங்கோ பிஸ்டனோ பிடிச்சிருக்கலாம். ஒண்ணுமே இல்லாம சும்மா நின்னதுன்னா, பாதி நேரம் இன்ஜின் சாகவே இல்லை, எரிபொருளோ கரண்டோ வரலை, அவ்வளவுதான். வந்ததும் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுத்திப் பார்ப்பார். சுத்தினா நம்பிக்கை இருக்கு.

முடிவு கைமாறின கதை

சரி, இன்னைக்கு என்ன நிலைமை? 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி. இன்ஜின் முன்னைவிடச் சுத்தமாச்சு, நுரையீரலுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனா அந்த இன்ஜினை இப்போ ஒரு கம்ப்யூட்டர் ஆளுது. பல டீசல் கார்களில் ஒரு இன்ஜெக்டரை மாத்தினாலே அதோட கோடை இ.சி.யு.வில் ஏத்தணும். ஸ்பேனர் இருந்தா போதாது, சாஃப்ட்வேர் அனுமதி வேணும்.

இது வெறும் டெக்னாலஜி மாற்றம் இல்லை, அதிகார மாற்றம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டுச்சு. காரணம், அசல் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடலை என்பது. அதுக்கப்புறம் மேல்முறையீடுகள் நடந்தது தனிக் கதை. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காகக் குழு அமைச்சு, டிசம்பரில் ஒரு இணையதளத்தையும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. ரெண்டு முயற்சியும் ஒரே கேள்வியைக் கேக்குது: நான் காசு கொடுத்து வாங்கின இன்ஜினைத் திறந்து பார்க்க யாருக்கு உரிமை?

கார் கம்பெனிகள் பக்கம் ஒரு வாதம் இருக்கு. பாதுகாப்பு, புகை அளவு, வாரண்டி. தெரியாத கை தொட்டா இன்னும் கெடும்னு சொல்றாங்க. அதில் உண்மையும் இருக்கு. ஆனா பாகமும் தகவலும் ஒரே இடத்தில் இருந்தா, 'ரிப்பேரா, மாத்தறதா' என்கிற கேள்விக்குப் பதில் அந்த ஒரே இடத்திலிருந்துதான் வரும். சர்வீஸ் சென்டருக்கு முழு இன்ஜின் மாத்தறது சுலபம், ரிஸ்க் கம்மி. போரிங் பட்டறைக்கு அனுப்பி அளவு எடுக்கறது அவங்களுக்குத் தொல்லை. ஒரு வாடகை டாக்ஸி ஓட்டறவருக்கு அந்த வித்தியாசம் பல மாச டியூ.

முடிவெடுக்கிற இன்னொரு புது ஆள், இன்சூரன்ஸ். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பல பேர் இதை நேரில் கத்துக்கிட்டாங்க. தண்ணி காத்து மாதிரி அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். வழக்கமான பாலிசியில், வெள்ளத்தில் நின்ன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி வந்த சேதம் உங்க தப்பா எண்ணப்படலாம். அதுக்குத் தனியா 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் வேணும். வெள்ளம் எதுவும் இல்லாம, தானா வந்த மெக்கானிக்கல் கோளாறு பொதுவா பாலிசியிலேயே வராது. ஆக, சாவியைத் திருப்பற அந்த ஒரு நொடி, ஒரு லட்ச ரூபாய் முடிவு.

அப்போ நாம என்ன செய்யலாம்?

இந்த ரோட்டோட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கற நாலு விஷயம்.

ஒண்ணு, முதலில் உயிர். வண்டியை முடிஞ்ச அளவு ஓரம் கட்டி, ஹஸார்ட் போட்டு, முக்கோணத்தை நல்லாப் பின்னாடி வெச்சிட்டு, எல்லாரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. அந்தக் காலத்தில் நின்ன லாரிக்குப் பின்னாடி கல்லும் மரக்கிளையும் வெப்பாங்க. அக்கறை சரிதான், ஆனா வண்டி கிளம்பின பிறகும் கல் ரோட்டிலேயே கிடந்து வேற யாரையோ கவுத்திருக்கு. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

ரெண்டு, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் லைட், டெம்பரேச்சர், வித்தியாசமான சத்தம், தண்ணி. இதில் எது இருந்தாலும் சாவியைத் தொடாதீங்க. சின்ன வேலையைப் பெரிய வேலையாக்கறது பெரும்பாலும் அந்த மூணாவது ஸ்டார்ட்தான்.

மூணு, திறந்து அளவெடுக்கிற வரைக்கும் விலை பேசாதீங்க. 'இன்ஜின் போச்சு' என்பது ஒரு உணர்வு, டயக்னாசிஸ் இல்லை. என்ன உடைஞ்சது, எதனால உடைஞ்சது, ரெண்டுக்கும் பதில் கேளுங்க. காரணம் தெரியாம மாத்தின இன்ஜின், அதே காரணத்தால மறுபடி போகும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, வெளியில் ஒருத்தரிடமும் காட்டுங்க. மாத்து இன்ஜின்னா, அது எங்கிருந்து வந்ததுன்னு பில்லோட இருக்கணும். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கு, ஆர்.டி.ஓ.வில் பதிவு பண்ணாம விட்டா விக்கும்போதும் கிளெய்ம் பண்ணும்போதும் மாட்டுவீங்க.

நாலு, உங்க 'நிக்கற செலவு' என்னன்னு கணக்கு போடுங்க. வாரத்தில் ரெண்டு நாள் ஓட்டற சொந்தக் கார்னா, அது மூணு வாரம் நின்னாலும் பஸ்ஸில் போயிடலாம். அவசரமே இல்லை, பொறுமையா ரீபோர் பண்ணி வாங்கறது புத்திசாலித்தனம். வண்டிதான் சோறு போடுதுன்னா நாள் கணக்குதான் முக்கியம். ரிப்பேர் செலவு, சரியான பிறகு வண்டிக்குக் கிடைக்கற விலையை நெருங்குதுன்னா, நின்ன நிலையிலேயே விக்கறது தோல்வி இல்லை. அந்தப் பாகங்கள் புதுப்பேட்டையிலோ வேற எங்கேயோ இன்னொரு வண்டியை ஓட வைக்கும்.

எலெக்ட்ரிக் வண்டி வந்தா இந்தக் கேள்வி போயிடுமான்னு சில பேர் கேப்பீங்க. பிஸ்டன் போயிடும், கேள்வி போகாது. அங்கே பேட்டரி பேக்கில் ஒரு செல் போனா, அதை மட்டும் மாத்தலாமா, முழுப் பேக்கும் வாங்கணுமா? திறக்க யாருக்கு அனுமதி? லேத், பிஸ்டன், டியூன்னு இந்தச் சமவெளி அறுபது, எழுபது வருஷமா ஒரு பதிலைக் கட்டினது மாதிரி, பேட்டரிக்கும் யாராவது கட்டியாகணும். அந்தப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிற கையும் கோடு எழுதற கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்னு நினைக்கறேன். இதைக் கேக்கற உங்களில் சில பேர் அங்கே போய் நிக்கலாம்.

உங்க ஊர்ப் பட்டறைக் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.